கடற்கரை ஊர்களில் மென்டலிசம்: கற்பதற்கும் கற்றதை எடைபோடுவதற்கும் ஒரு முழு வழிகாட்டி

மடித்த சீட்டில் இருக்கிற பெயரைப் பிரிக்காமலே சொல்வது, ஒருவர் நினைக்கப்போகும் எண்ணை முன்கூட்டியே எழுதி வைப்பது, கூட்டத்துக்குள் ஒளித்த மோதிரத்தை நேராக நடந்துபோய் எடுத்துக் கொடுப்பது, இவையெல்லாம் மென்டலிசம். மேஜிக்கின் ஒரு கிளைதான். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று நம் கடற்கரை நெடுகப் பள்ளி ஆண்டு விழா, முளைக்கொட்டு, சர்ச் திருவிழா, கல்யாண வீடு எல்லாவற்றிலும் ஷோ செய்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஓரளவு மேஜிக் பழக்கம் உள்ளவர்கள், இப்போது மென்டலிசம் பக்கம் வரலாமா என்று யோசிப்பவர்கள், உங்களுக்குத்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் பார்க்கிற நுட்பங்களில் பெரும்பகுதி வேறு மொழிக்கும், ஏசி அறைக்கும், உட்கார்ந்து அமைதியாகப் பார்க்கிற ஐம்பது பேருக்கும் என்று உருவானவை. நம் மேடைக்குப் பின்னாலும் பிள்ளைகள் ஏறி நிற்பார்கள், காற்று சீட்டைத் தூக்கிக்கொண்டு போகும், முன்வரிசையில் இருக்கிற பாட்டிக்கு எழுதத் தெரியாது. அதனால் ஒரு நுட்பத்தைக் கற்பதோடு வேலை முடியாது, அதை நம் ஆட்கள் மேல் போட்டு எண்ணிப் பார்க்கணும். ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுட்பத்தின் பெயர், யாரிடம் செய்தேன், பலித்ததா இல்லையா, அவர் என்ன சொன்னார், இந்த நான்கு மட்டும் போதும். கீழே வரும் எல்லாப் படிக்கும் இந்த நோட்டு வேண்டும்.

படி 1: மேடையில் நீங்கள் யார் என்று முடிவு செய்யுங்கள்

இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். நம் பகுதியில் இதுதான் முதலில் வரணும். இங்கே கோடாங்கி பார்ப்பதும் குறி கேட்பதும் மை போட்டுப் பார்ப்பதும் இன்றும் நடக்கிற விஷயங்கள். ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் சரியில்லாதவர்களை எத்தனையோ ஊர்களிலிருந்து அழைத்து வருகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அந்த மண்ணில் நின்று 'எனக்கு ஒரு சக்தி இருக்கு' என்று ஒரு மேஜிக் கலைஞன் சொன்னால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒருவராவது கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்.

கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்று வழி இல்லாத சூழலில் அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் அறிவித்தார். யாரும் அதை வெல்லவில்லை. அவருக்குப் பின் போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த், சாமியார்கள் செய்த அற்புதங்களை ஊர் ஊராகத் தானே செய்துகாட்டி விளக்கினார். நீங்கள் அவர்களைப் போலப் பிரச்சாரம் செய்ய வேண்டியதில்லை, யாருடைய நம்பிக்கையையும் கிண்டல் செய்யவும் வேண்டாம். ஆனால் மைக்கைப் பிடித்ததும் ஒரு வரி சொல்லுங்கள்: 'நான் செய்யப்போறது எல்லாம் மேஜிக், பயிற்சி, மனுஷங்களைக் கவனிக்கிற பழக்கம். குறி இல்லை, ஜோசியம் இல்லை.' இதைச் சொன்னால் வியப்பு குறைந்துவிடும் என்று பயப்படுவீர்கள். குறையாது. சந்தேகத்தோடு கை கட்டி நிற்கிற ஆள்கூட அதற்கப்புறம் நிம்மதியாகப் பார்ப்பார்.

அதோடு, தாயத்து, மந்திரம் மாதிரியானவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்தே மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. நோய், குழந்தைப்பேறு பக்கமே போகாதீர்கள்.

படி 2: ரகசியம் இல்லாத திறமையிலிருந்து தொடங்குங்கள்

நினைவாற்றலும் கணக்கும். இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே மாட்டிக்கொள்ள எதுவுமே இல்லை, உண்மையிலேயே செய்கிறீர்கள். நம்மிடம் இதற்குப் பெரிய மரபும் இருக்கிறது. ராமநாதபுரம் சேதுபதிகளின் சமஸ்தானத்தில், ஒரே நேரத்தில் எட்டு விஷயங்களைக் கவனிக்கிற அட்டாவதானம் செய்த சரவணப்பெருமாள் கவிராயர் இருந்தார். நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்துச் சதாவதானம் செய்தார். முதுகில் விழும் பொருளை எண்ணுவது, மணியடித்த தடவையை எண்ணுவது, கேட்ட ஈற்றடிக்கு வெண்பா முடிப்பது, எல்லாம் ஒருசேர. இதைவிடப் பெரிய மென்டலிசம் ஆக்ட் வெளிநாட்டில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

நீங்கள் பத்துப் பொருளிலிருந்து தொடங்கலாம். ராமநாதபுரம், வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் கேம்ப், மண்டபம், பாலம், பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், இந்தப் பத்து இடமும் வரிசையாக உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும் அல்லவா? கூட்டத்தில் பத்துப் பேர் சொல்கிற பொருளை ஒவ்வொன்றாக இந்த இடங்களில் வையுங்கள். மூன்றாவது ஆள் 'கத்தரிக்காய்' என்றால் உச்சிப்புளி பஸ் ஸ்டாப் முழுக்கக் கத்தரிக்காய் கொட்டிக் கிடக்கட்டும். படம் எவ்வளவு விபரீதமாக இருக்கிறதோ அவ்வளவு ஒட்டும். பத்து சுலபமானதும் தேவிபட்டினம், திருப்புல்லாணி பக்கம் இன்னொரு வழித்தடம் போட்டு இருபதாக்குங்கள்.

அடுத்து மாயச் சதுரம். ஒருவர் தன் வயதைச் சொல்ல, 16 கட்டத்தில் எண்களை நிரப்பி எல்லாப் பக்கமும் அந்த வயதே வரச் செய்வது. முதல் வரி 8, 11, வயதில் 20 கழித்தது, 1. இரண்டாம் வரி வயதில் 21 கழித்தது, 2, 7, 12. மூன்றாம் வரி 3, வயதில் 18 கழித்தது, 9, 6. நான்காம் வரி 10, 5, 4, வயதில் 19 கழித்தது. மாறுவது நான்கு எண்கள்தான், மற்ற பன்னிரண்டும் மனப்பாடம். நெட்டாக, குறுக்காக, மூலைக்கு மூலை கூட்டிப் பாருங்கள், வரும். வயது 34-க்குக் கீழே போனால் ஏதாவது ஓர் எண் இரண்டு முறை வந்து அசிங்கமாகும், 60-க்கு மேலே போனால் அந்த நான்கு எண்கள் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் நாற்பது, ஐம்பது வயதுக்காரரைப் பார்த்துக் கூப்பிடுங்கள். வரிசையாக நிரப்பாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிரப்பினால் இன்னும் நன்றாக இருக்கும்.

படி 3: மன ஓட்டத்தை ஊகிக்கும் நுட்பங்கள், எண்ணிப் பார்க்காமல் நம்பாதீர்கள்

'1-லிருந்து 50-க்குள் ஓர் இரண்டிலக்க எண், இரண்டு இலக்கமும் ஒற்றைப்படை, இரண்டும் வேற வேற, உதாரணமா 15 மாதிரி' என்று சொன்னால் பலர் 37 நினைப்பார்கள் என்பது மென்டலிசத்தில் பழைய சங்கதி. வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐம்பது எண் என்று கேட்கும், ஆனால் அந்த நிபந்தனைக்குள் வருவது 13, 15, 17, 19, 31, 35, 37, 39 என்று எட்டே எட்டு. 15-ஐ நீங்களே சொல்லிக் கெடுத்துவிட்டதால் மிச்சம் ஏழு.

இங்கேதான் எடைபோடுவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ளணும். ஏழில் ஒன்று என்றால், குருட்டாம்போக்கில் கேட்டாலே எழுபது பேரில் பத்துப் பேர் 37 என்பார்கள். உங்கள் நோட்டில் எழுபது பேரைக் கேட்டுப் பதினொன்றுதான் வந்திருந்தால் அது நுட்பமே இல்லை, அதிர்ஷ்டம். முப்பது வந்தால் கையில் ஏதோ இருக்கிறது. அப்போதும் தனியாக அதை நம்பி மேடை ஏறாதீர்கள், கூட்டம் முழுவதையும் நினைக்கச் சொல்லிக் கை தூக்கவையுங்கள். அந்த அளவுக்குப் பலித்தால் போதும், கை தூக்கியவர்கள் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். 35 என்று சொல்பவர்களுக்கு, 'முதல்ல 35 எழுதி அடிச்சுட்டு 37 ஆக்கினேன்' என்று காட்ட அட்டையிலேயே அடித்த 35 ஒன்று இருக்கட்டும்.

பூ, பழம், நிறம் என்று கேட்கிற பட்டியல்களை அப்படியே எடுக்காதீர்கள். காய்கறி என்றால் கேரட் என்பார்கள் என்று அமெரிக்கக்காரர் எழுதியிருப்பார், நம் ஊரில் கத்தரிக்காயா தக்காளியா என்று நீங்களே கேட்டு எழுதுங்கள். மீன் கேட்கவே கேட்காதீர்கள்! மதுரையில் கேட்டால் நாலைந்து பெயருக்குள் அடங்கும். பாம்பனில் கேட்டால் ஊளி, பாறை, முரல், சூடை, காரல், திருக்கை என்று ஆளுக்கொன்று சொல்லி உங்களுக்கே பாடம் எடுப்பார்கள். ஆட்களுக்கு எதில் ஆழமான பழக்கம் இருக்கிறதோ அதில் ஊகம் பலிக்காது.

எழுத்து எழுத்தாகக் கேட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆங்கில முறையும் தமிழில் அப்படியே ஓடாது. 'மீன்' என்று நினைத்தவரிடம் 'ம் இருக்கா' என்றால் இல்லை என்பார், அவரைப் பொறுத்தவரை அதில் இருப்பது மீ. 'எத்தனை எழுத்து', 'முதல் எழுத்து குறிலா நெடிலா' என்று நம் வழியில் பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். முப்பது சொல் கொண்ட பட்டியலை இப்படி இரண்டு மூன்று கேள்வியில் சுருக்கிவிடலாம்.

படி 4: எதைத் தேர்ந்தாலும் நீங்கள் நினைத்ததே வரச் செய்வது

மேசையில் சங்கு, சிப்பி, சோழி மூன்று. உங்களுக்கு வேண்டியது சங்கு. 'ரெண்டைக் கையில எடுங்க' என்கிறீர்கள். சங்கு மேசையிலேயே நின்றுவிட்டால் 'அதை ரெண்டையும் ஓரமா வெச்சிடுங்க, இது ஒண்ணுதான் மிச்சம்' என்று முடிந்தது. சங்கு கையில் வந்தால் 'ஒண்ணை எங்கிட்ட கொடுங்க'. சங்கைக் கொடுத்தால் 'இதை நீங்களே தேர்ந்து கொடுத்தீங்க', சிப்பியைக் கொடுத்தால் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு 'கையில நீங்க வெச்சுக்கிட்டது சங்கு'. அவ்வளவுதான் நுட்பம். கஷ்டம் முழுக்கப் பேச்சில். ஒரு நொடி தயங்கினால், இவன் வழியை மாற்றுகிறான் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கிளைக்கும் வாக்கியத்தை எழுதி வைத்து, போனில் குரலைப் பதிவு செய்து கேளுங்கள், எல்லாக் கிளையும் ஒரே வேகத்தில் ஒலிக்க வேண்டும். ஒரே கூட்டத்துக்கு இரண்டாவது முறை கூடவே கூடாது.

படி 5: சீட்டு

ஒருவர் எழுதி மடித்ததை ரகசியமாக ஒரு பார்வை பார்த்துக்கொள்வது, கிழிப்பது போலக் கிழித்து நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொள்வது, முதல் சீட்டுக்குப் பதில் சொல்லும்போது அடுத்ததைப் படித்து ஒரு படி முன்னாலேயே ஓடுவது, மென்டலிசத்தின் முதுகெலும்பே இவைதான். டோனி கொரிண்டா என்கிற மென்டலிசக் கலைஞர் 1950-களின் கடைசியில் பதின்மூன்று சிறு பகுதிகளாக எழுதிய பாடம் இன்றுவரை அடிப்படையாக இருப்பது இந்தச் சீட்டு வேலைக்காகவும்தான். கை வேலையை அந்தப் பாடத்திலோ ஒரு நல்ல ஆசிரியரிடமோ படியுங்கள், அதை எழுத்தில் சுருக்குவது சரியில்லை. நான் இங்கே சொல்ல வருவது கடற்கரை விஷயங்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்தவெளியில் மெல்லிய தாளே வேண்டாம், விசிட்டிங் கார்டு தடிமனில் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் காகிதச் சீட்டுக்கட்டு பிசுபிசுத்து ஒட்டும், பிளாஸ்டிக் கட்டு வாங்குங்கள். தமிழ்க் கையெழுத்தை ஒரு நொடியில் படிப்பது ஆங்கில பெரிய எழுத்தைப் படிப்பது போல இல்லை, ர வும் ா வும் குழம்பும், ன வும் ண வும் குழம்பும். வீட்டில் இருப்பவர்களை ஐம்பது அட்டையில் பெயர் எழுதச் சொல்லி, தலைகீழாக வைத்து ஒரு நொடி பார்த்து மூடிப் பழகுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் வந்தால் பேரப்பிள்ளையின் காதில் சொல்லச் சொல்லி அந்தப் பிள்ளையை எழுதவையுங்கள். இருவருமே சேர்ந்து வியப்பார்கள், ஷோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

படி 6: கைபிடித்து மனம் அறிதல்

நம் கடற்கரைக்கு என்றே செய்தது போன்ற நுட்பம் இது. சீட்டு வேண்டாம், எழுத்து வேண்டாம், காற்று ஒன்றும் செய்யாது, நாலு பக்கமும் ஆள் நின்றாலும் பரவாயில்லை. பார்வையாளர் ஒரு மோதிரத்தைக் கூட்டத்தில் யாரிடமோ ஒளித்து வைக்கிறார், நீங்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து அதைக் கண்டுபிடிக்கிறீர்கள். ஒரு விஷயத்தை ஆழ்ந்து நினைத்தால் நமக்கே தெரியாமல் தசை அந்தப் பக்கம் இழுக்கும் என்று உடலியல் அறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் 1852-லேயே விளக்கினார். காலைத் தட்டிக் கணக்குக்கு விடை சொல்கிறது என்று ஜெர்மனியில் புகழ்பெற்ற ஹான்ஸ் என்கிற குதிரையை 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது, அது கேள்வி கேட்பவரின் உடலில் தெரிந்த சிறு அசைவைப் பார்த்துத்தான் காலைத் தட்டுவதை நிறுத்தியது என்று தெரிந்தது. அந்த அசைவைத்தான் நீங்கள் கையில் உணரப்போகிறீர்கள்.

பயிற்சி இப்படி. முதல் வாரம் ஒரே ஆள், இரண்டே திசை. அவர் கையை இளக்கமாகப் பிடித்து, 'மனசுக்குள்ள எனக்கு வழி சொல்லுங்க, வலது, இடதுன்னு அழுத்தி நினைங்க' என்று சொல்லி மெதுவாக ஒரு பக்கம் நகருங்கள். சரியான பக்கம் என்றால் கை கூடவே வரும், தப்பு என்றால் மெல்லிய ஒரு தடை, பிரேக் போட்ட மாதிரி. அப்புறம் மேசையில் ஐந்து பொருள், அப்புறம் ஓர் அறை, அப்புறம் கடற்கரை மணலில் நண்பர்கள் பத்துப் பேர். நோட்டில் குறியுங்கள்: ஐந்து பொருளில் ஒன்று என்றால் சும்மா எடுத்தாலே ஐந்துக்கு ஒரு தடவை பலிக்கும், நீங்கள் அதைத் தெளிவாகத் தாண்டிய பிறகுதான் மேடைக்கு யோசிக்கணும். நாள் ஆகும். சில மாதங்கள்கூட ஆகலாம். அவசரப்படாதீர்கள்.

ஆள் தேர்வும் முக்கியம். விறைத்து நிற்பவர், 'கண்டுபிடி பார்ப்போம்' என்று சவால் விடுபவர் வேண்டாம், பரபரப்பாகச் சிரித்துக்கொண்டு வருகிறவர்தான் நல்ல வழிகாட்டி. பெண்களின் கையைப் பிடிக்காதீர்கள், கீழக்கரை பெரியபட்டினம் பக்கம் மட்டும் என்றில்லை, எங்குமே. ஒரு துண்டின் இரு முனையை இருவரும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாலும் அந்த இழுப்பு தெரியும். கஷ்டம் கூடும், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் பெரிய வித்தையாகத் தோன்றும்.

படி 7: ஆளைப் பார்த்துப் பேசுவது

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்கிற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, முடிவு என்று ஒரு தாள் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே தாள். ஐந்துக்கு எத்தனை பொருந்துகிறது என்று கேட்டதற்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். 'வெளியில தைரியமா இருப்பீங்க, உள்ளுக்குள்ள யோசிச்சுக்கிட்டே இருப்பீங்க' என்றால் யார்தான் இல்லை என்பார்? இந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் மற்ற வித்தைகளுக்கு மேல் தூவும் அளவுக்கு மட்டும். குணத்தைப் பற்றி நல்லதாக இரண்டு வரி, அதோடு நிறுத்தம். நடக்கப்போவது, இறந்தவர், காணாமல் போனவர், இந்த மூன்றும் மேடைக்கு வரவே கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஷோ முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது ஓர் அக்கா ஓரமாக வந்து, 'தம்பி, கடலுக்குப் போனவர் இன்னும் கரை திரும்பல, இருக்காரான்னு மட்டும் சொல்லு' என்று கேட்கலாம். நம் ஊரில் இது கற்பனை இல்லை. அப்போது சொல்ல வேண்டியதை இன்றே பழகி வையுங்கள்: 'அக்கா, நான் செஞ்சது மேஜிக். எனக்கு அந்த மாதிரி எதுவும் தெரியாது. தெரியும்னு யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீங்க.' அதோடு விட்டுவிடாமல், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கும் மீன்வளத்துறைக்கும் தகவல் போய்விட்டதா என்று கேட்டு, இல்லையென்றால் நீங்களே போன் போட்டுக் கொடுங்கள். மனநலம் பற்றிக் கேட்டு வந்தால் 14416, அரசின் இலவச எண்.

படி 8: காசு கொடுத்து வாங்கும் முன்

விளம்பர வீடியோவில் வெட்டு ஒட்டு இருக்கும், அதனால் வெட்டாமல் முழுதாக ஒரு மேடையில் செய்த பதிவு கேளுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் தெரியுமா? அடுத்த ஷோவுக்குத் திரும்பத் தயார் செய்ய எவ்வளவு நேரம்? தமிழில் ஓடுமா? தோற்றால் தப்பிக்க வழி என்ன? இந்த நான்குக்கும் பதில் இல்லாத பொருளை வாங்காதீர்கள். எலக்ட்ரானிக் கருவிகள் ஆயிரக்கணக்கில் விலை, உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும், நெட்வொர்க் வேண்டும் என்றால் திருவிழாக் கூட்டத்தில் டவர் திணறும். போனில் செய்கிற வித்தையைப் பார்த்ததும் நம் பையன்கள் 'ஆப்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். தொடக்கத்துக்கு அட்டை, பேனா, ஒரு துண்டு, கரும்பலகை போதும்.

படி 9: இருபது நிமிட ஷோ, அப்புறம் உண்மையான மதிப்பெண்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் இருக்கும், பள்ளி விடுமுறையும் கூடவே வரும். அப்போது ஆட்கள் கிடைப்பார்கள், பொறுமையாகவும் இருப்பார்கள். நினைவாற்றலில் தொடங்கி, 37-ஐக் கூட்டம் முழுக்க விளையாடி, சீட்டுக்குப் போய், மோதிரம் தேடுவதில் முடியுங்கள். மாயச் சதுரத்தை நடுவில் வைத்து, நிரப்பிய அட்டையை அந்த வயதுக்காரரிடமே கொடுத்தனுப்புங்கள்.

கைதட்டலை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, உங்களோடு சம்பந்தம் இல்லாத ஒரு நண்பரை அந்த ஊருக்கு அனுப்பி, டீக்கடையில் 'போன வாரம் ஏதோ மேஜிக் நடந்துச்சாமே, என்ன செஞ்சான்?' என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதுங்கள். 'சீட்டைத் தொடவே இல்லை' என்று சொன்னால் அந்தச் சீட்டு வேலை தேறிவிட்டது. 'ஏதோ மடிச்சான், கிழிச்சான்' என்றால் கை வேலை இன்னும் கண்ணில் படுகிறது, படி 5-க்குத் திரும்புங்கள். ஒரு வித்தையைப் பற்றி யாருமே பேசவில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள், எவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றிருந்தாலும் சரி. 'அந்தத் தம்பிகிட்ட ஏதோ இருக்கு, போய்க் கேட்டுப் பாக்கணும்' என்று ஒருவராவது சொல்லியிருந்தால், அடுத்த ஷோவுக்கு முன் படி 1-ல் சொன்ன அந்தத் தொடக்க வரியை இன்னும் தெளிவாக எழுதி, ஷோவின் நடுவிலும் ஒருமுறை சொல்லுங்கள்.